ஜமுனாமரத்தூருக்கு ஒரு ரயில்!

"ஜமுனாமரத்தூருக்கு ரயில் வருதுடா. தண்டவாளம் போட ஆள் வேணும். நாலு நாள் லீவு போட்டுட்டு வா!"

போனில் நண்பன். ஸ்கூல் காலத்து நண்பன். ரயில்வேயில் பி.டபிள்யூ.ஐ. என்பார்களே, தண்டவாளத்துக்குப் பொறுப்பான இன்ஸ்பெக்டர், அந்த வேலையில் முப்பத்துநாலு வருஷம் இருந்து ரிட்டயர் ஆனவன். இப்போது அந்த உத்தியோகத்துக்கு சீனியர் செக்ஷன் இன்ஜினீயர் என்று நீளமாகப் பேர் வைத்துவிட்டார்கள். அவனுக்கு அதில் வருத்தம். "பி.டபிள்யூ.ஐ.னு சொன்னாத்தான் கேங்மேன் எழுந்து நிப்பான்" என்பான்.

"ரிட்டயர் ஆனவனுக்கு ஏதுடா லீவு?" என்றேன்.

"வீட்ல லீவு சொல்லிட்டு வாடான்னா..."

என் சகதர்மிணியிடம் விஷயத்தைச் சொன்னதும், "ரயிலே இல்லாத ஊருக்குத் தண்டவாளம் போடப் போறீங்களா? இங்கே கொல்லைப்புறக் கொடிக் கம்பி அறுந்து மூணு மாசம் ஆச்சு" என்றாள். கம்பியைக் கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏற முடிந்தது.

ஜவ்வாது மலையைப் பற்றி ஒரு வேடிக்கை சொல்ல வேண்டும். வடக்கே சென்னையிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வழியாக ஜோலார்பேட்டை போகிற மெயின் லைன். மேற்கே ஜோலார்பேட்டையிலிருந்து திருப்பத்தூர் வழியாக சேலம் போகிற லைன். கிழக்கே காட்பாடி - விழுப்புரம் லைன், அதில்தான் போளூர். மலையைச் சுற்றி மூன்று பக்கமும் ரயில் கூவிக்கொண்டு போகிறது. மலை மேலே மட்டும் ஏறியதே இல்லை. தென்னாட்டில் 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை முதல் ரயில் விட்டார்கள். இங்கிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லலாம். அப்புறம் இத்தனை வருஷத்தில் ஒருவருக்கும் மேலே ஏறத் தோன்றவில்லை. ஊட்டிக்கு ஏறினார்கள் - 1899-ல் குன்னூர் வரை, 1908-ல் ஊட்டி வரை. அங்கே வெள்ளைக்காரனுக்குக் குளிர் தேவைப்பட்டது. இங்கே சாமையும் தேனும் புளியும்தானே!

போளூரில் பஸ் மாறினேன். கையில் ஒரு பை. பையில் இரண்டு கிலோ ஃபெவிகால், நாலு பெட்டி மர ஸ்குரூ, ஒரு ரசமட்டம். எல்லாம் அவன் போட்டுக் கொடுத்த லிஸ்ட். பஸ் மலை ஏற ஆரம்பித்ததும் ரசமட்டத்தை வெளியே எடுத்து ஜன்னல் கம்பி மேல் வைத்துப் பார்த்தேன். குமிழி ஒரு ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்றது. பக்கத்து சீட்டுப் பெரியவர், "சர்வேயா சார்? பட்டா குடுக்கறாங்களா?" என்று கேட்டார். அவசரமாக உள்ளே வைத்துவிட்டேன்.

ஜமுனாமரத்தூர் பெரிய ஊர் இல்லை. ஆனால் இந்த மலைக்கு அதுதான் தலைநகரம். ஒன்றிய ஆபீஸ், ஆஸ்பத்திரி, கடைத்தெரு, சுற்று வட்டாரத்துக் குக்கிராமங்களில் இருந்து நடந்தும் பஸ்ஸிலும் வந்து இறங்குகிற ஜனங்கள். காற்றில் ஒரு ஈர வாசனை. கோடை விழா, பீமன் அருவி, படகு என்று வெளியூர்க்காரர்கள் வந்து போகிறார்கள். நான் வந்த வேலை வேறு.

நண்பன் வாசலிலேயே நின்றான். கை கொடுத்தேன். அவன் வலது கை என் கைக்குள் நடுங்கிக்கொண்டே இருந்தது. நான் விட்ட பிறகும் நடுக்கம் நிற்கவில்லை.

"நடுக்குவாதம்டா. இங்கிலீஷ்ல பார்க்கின்சன். ரெண்டு வருஷமா இருக்கு. மாத்திரை சாப்பிடறேன். அதான் உன்னைக் கூப்பிட்டேன். மூளைக்கு நான், கைக்கு நீ."

ஏழு கஜம் தண்டவாளத்துக்கு இத்தனை தூரம் ஆள் அனுப்பியது எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது.

உள்ளே பன்னிரண்டுக்குப் பத்து அடி அறை. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மூலையில் மரச் சட்டங்கள். சுவரில் சாய்ந்தபடி எட்டுக்கு நாலு அடி ப்ளைவுட் ஒன்று, பன்னிரண்டு எம்.எம். கனம். போளூரிலிருந்து 'குட்டி யானை' வண்டியில் மேலே வந்ததாம். "சந்தனம் விளையற மலைடா இது. இங்கேர்ந்து கீழே இறங்கற மரத்தைத்தான் சந்தேகமாப் பார்ப்பாங்க. மேலே ஏறற மரத்தைப் பார்த்து சிரிச்சாங்க" என்றான்.

மேஜை மேல் ஒரு அட்டைப் பெட்டி. சிங்கப்பூரில் இருக்கிற மகள் அனுப்பியது. திறந்து காட்டினான். கறுப்பு பிளாஸ்டிக் ஸ்லீப்பர் கட்டைகள் மேல் இரண்டு மெல்லிய உலோகக் கம்பிகள். ஒவ்வொன்றும் ஒரு கஜ நீளம். வளைத்தால் பாம்பு மாதிரி வளைகிறது. இன்னொரு பெட்டியில் ஒரு டீசல் எஞ்சின், நாலு பெட்டிகள்.

அளவைச் சொல்லிவிடுகிறேன். உலகத்தில் இந்தப் பொம்மை ரயில்காரர்கள் அதிகம் பேர் வைத்திருப்பது எச்.ஓ. என்கிற அளவு. நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. ஐந்தரை அடி ஆசாமி இதில் இரண்டு சென்டிமீட்டர்கூட வர மாட்டார். பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டி 21 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. அது இங்கே 24 சென்டிமீட்டரும் சொச்சமும். தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். இந்தக் கடைசிக் கணக்கில்தான் என் நண்பனுக்கு மனத்தாங்கல். 16.5-ஐ 87-ஆல் பெருக்கினால் வருவது 1435. அது இங்கிலீஷ்காரன், அமெரிக்கன், ஜெர்மன்காரன் பாதை. நம் பிராட் கேஜ் 1676 மில்லிமீட்டர். நியாயமாகப் பார்த்தால் நமக்கு 19 மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் கூட வர வேண்டும்.

"முப்பத்துநாலு வருஷம் 1676-ஐக் கண்ல விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்தவன்டா நான். ரிட்டயர் ஆனப்புறம் வீட்டுக்குள்ள 1435 போட வேண்டிய தலையெழுத்து!"

"யார் அளந்து பார்க்கப் போறாங்க?"

முறைத்தான். பி.டபிள்யூ.ஐ.யிடம் கேட்கக்கூடாத கேள்வி.

இந்தப் பைத்தியம் அவனுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். ஜெர்மனியில் மெர்க்லின் என்ற பொம்மைக் கம்பெனி 1891-லேயே தண்டவாளத்துக்கு ஒரு திட்ட அளவு வைத்து லைப்சிக் சந்தையில் காட்டியது. இங்கிலாந்தில் மெக்கானோ கண்டுபிடித்த ஃபிராங்க் ஹார்ன்பி 1920-ல் ரயில் விட ஆரம்பித்தார். ஹாம்பர்க் நகரத்தில் 2001-ல் திறந்த மினியேச்சர் வண்டர்லாண்டில் பதினைந்து கிலோமீட்டருக்கு மேலே தண்டவாளம் ஓடுகிறது, அத்தனையும் இந்த எச்.ஓ. அளவு. நம்மூரில் புணேயில் ஜோஷி என்பவர் ஆயுசு முழுக்கச் சேர்த்து, 1998-ல் ஒரு மினியேச்சர் ரயில் மியூசியமே திறந்தார். அமெரிக்காவில் எம்.ஐ.டி. காலேஜ் மாணவர்களின் மாடல் ரயில் கிளப்பில் ஒயரை நோண்டிக்கொண்டிருந்த பையன்கள்தான் 'ஹேக்கர்' என்ற வார்த்தையைக் கம்ப்யூட்டர் உலகத்துக்குக் கொடுத்தார்கள்.

சரி, ஏன் ஜமுனாமரத்தூர்?

அதை நண்பனின் மனைவிதான் சொன்னார், சாமைச் சோறு போட்டுக்கொண்டே. அவர் இந்த மலையில் டீச்சராக இருந்தவர். கல்யாணம் ஆனதிலிருந்து இவர் மேலே, அவன் கீழே லைன் குவார்ட்டர்ஸில்.

"இவரு சனிக்கிழமை வர்றேன்னு சொல்லுவாருண்ணே. ரயில் லேட்டாகும். இறங்கறதுக்குள்ள கடைசி பஸ் போயிடும். ஸ்டேஷன் பெஞ்சுல படுத்துட்டு ஞாயித்துக்கிழமை காலையில வருவாரு. மத்தியானம் திரும்பக் கிளம்பிடுவாரு. 'ஊருக்கெல்லாம் ரயில் விடறீங்களே, எங்க ஊருக்கு ஒண்ணு விடக்கூடாதா'ன்னு ஒரு நாள் கேட்டேன். வாய் தவறிக் கேட்டது. அதைப் பிடிச்சிக்கிட்டாரு."

நண்பன் சோற்றைப் பார்த்துக் குனிந்துகொண்டான். ஸ்பூன் தட்டில் தடதடத்தது.

மறுநாள் காலை வேலை ஆரம்பம். தச்சு வேலைக்குப் பக்கத்துக் கிராமத்துத் தம்பி ஒருவர் வந்தார். மலையைச் சேர்ந்தவர். பெங்களூரில் சென்ட்ரிங் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். சட்டங்களைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். "சார், இது கட்டிலா, பந்தலா?" என்றார்.

கேள்வி தப்பில்லை. ரயில் மேஜை என்றால் நாலு கால் வைத்து மேலே ஒரு பலகையை அடித்துவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். நண்பன் விடவில்லை. "பலகை மட்டும் போட்டா ஆறு மாசத்துல நடுவுல தொங்கிடும். ரயில்வேல எது போனாலும் மேல இருக்கறதைத் திட்டுவாங்க. தப்பு பூரா கீழே இருக்கும்."

அவன் சொன்ன முறைக்கு எல்-கர்டர் என்று பேர். அமெரிக்காவில் லின் வெஸ்ட்காட் என்ற பத்திரிகை ஆசிரியர் பிரபலப்படுத்தியது. ஒரு சட்டத்தைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் தலையில் இன்னொரு மெல்லிய சட்டத்தைப் படுக்கையாக வைத்து ஃபெவிகாலும் ஸ்குரூவும் போட்டுவிட வேண்டியது. ஓரத்திலிருந்து பார்த்தால் 'எல்' எழுத்தைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி தெரியும். மரம் கொஞ்சம்தான், ஆனால் வளையாது. இப்படி இரண்டு நீளமான கர்டர். அதற்குக் குறுக்கே ஒன்றரை அடிக்கு ஒன்றாகச் சட்டங்கள். இதில் ஒரு சூட்சுமம்: எல்லா ஸ்குரூவையும் கீழேயிருந்து மேலே முடுக்க வேண்டும். அப்போதுதான் மேலே மலை, பாலம் எல்லாம் கட்டின பிறகும், "இந்தச் சட்டம் இடிக்குதே" என்றால் கீழே படுத்துக் கழற்றித் தள்ளிப் போடலாம். மேலேயிருந்து அடித்தால் அவ்வளவுதான். தண்டவாளத்துக்கு அடியில் ஸ்குரூவின் தலை மாட்டிக்கொள்ளும்.

மேஜைக்கு அடியில் மல்லாந்து படுத்து ஸ்குரூ முடுக்கியது யார் என்று கேட்க மாட்டீர்கள். மரத்தூள் மூக்கில் விழுந்து நான் தும்மிய தும்மலில் வெளியே ஒரு கோழி பறந்து போனது.

உயரம் எவ்வளவு என்று ஒரு சர்ச்சை வந்தது. ரயிலைக் கண் மட்டத்தில் பார்த்தால்தான் நிஜம் மாதிரி இருக்கும், அதனால் நெஞ்சு உயரம் வேண்டும் என்பது பொம்மை ரயில்காரர்களின் வேதவாக்கு. நண்பன் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். "என் கண்ணுக்கு நேரா வை" என்றான். அதிக நேரம் நிற்க முடிவதில்லை அவனால். தம்பி ஒன்றும் பேசாமல் கால்களை அதற்குத் தக்கபடி அறுத்தார். ரம்பம் நின்ற பிறகு, "சின்னப் பசங்களும் பாக்கலாம் சார்" என்று மட்டும் சொன்னார்.

நாலு காலிலும் அடியில் போல்ட் வைத்து, திருகினால் ஏறி இறங்குகிற மாதிரி செய்தது தம்பியின் சொந்த யோசனை. சென்ட்ரிங் ஜாக்கியில் பார்த்ததாம். தரை ஜமுனாமரத்தூர்த் தரை. எங்கே ரசமட்டம் வைத்தாலும் குமிழி ஒரு பக்கம் ஓடியது. நாலு போல்ட்டையும் அரைத் திருகு, கால் திருகு என்று திருகிக் குமிழியை நடுவில் கொண்டுவந்து நிறுத்தியபோது மணி நாலு. நண்பன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்து, "பாஸ்" என்றான். தம்பிக்கு அந்த ஒரு வார்த்தை கூலிக்கு மேலே தெரிந்தது போலும். சிரித்துக்கொண்டே பீடி பற்றவைக்க வெளியே போனார்.

அடுத்து மலை ஏறுகிற கணக்கு. நிஜ மலையில் 500 மீட்டர் ஏற வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண ரயில் நாற்பது அடி போனால் ஓரடி ஏறும் என்றால் 20 கிலோமீட்டர் பாதை வேண்டும். ஊட்டி ரயில் பன்னிரண்டரைக்கு ஒன்று ஏறுகிறது, ஆனால் அதற்கு நடுவில் பல் சட்டம் போட்டுப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இதை 87-ஆல் வகுத்தால் 500 மீட்டர் மலை கிட்டத்தட்ட ஐந்தே முக்கால் மீட்டர் வரும். கூரையைப் பிரித்துக்கொண்டு போகும்! பாதை 230 மீட்டர் வேண்டும். எங்களிடம் இருந்தது ஏழு கஜம்.

ஆகவே எட்டுப் போட்டோம். சைக்கிள் பழகும்போது போடுவோமே, அதே எட்டு. கீழ்க்கோட்டில் போளூர் ஸ்டேஷன். அங்கிருந்து ஒரு வளைவில் ஏறி, மேல்கோட்டில் பாலமாகக் கீழ்ப் பாதையைத் தாண்டுகிற இடத்தில் ஜமுனாமரத்தூர். மறு வளைவில் இறங்கித் திரும்பப் போளூர். கீழே வண்டி இடிக்காமல் போக 75 மில்லிமீட்டர் உயரம் தேவை. முப்பத்துமூன்றுக்கு ஒன்று சரிவு வந்தது. "மும்பை பக்கத்துல போர் காட்ல முப்பத்தேழுக்கு ஒண்ணு. பின்னாடி எஞ்சின் வெச்சுத் தள்ளுவாங்க. நமக்கு நாலு பெட்டிதானே, ஏறிடும்" என்றான்.

ப்ளைவுட்டைத் தண்டவாளம் போகிற கோட்டின் இரண்டு பக்கமும் அறுத்து, அந்தப் பட்டையை மட்டும் முட்டுக் கொடுத்துத் தூக்க வேண்டும். தோசையின் ஓரத்தைக் கிழிக்காமல் கரண்டியால் நெம்புகிற மாதிரி. மரம் தானாக ஒரு நளினத்தோடு எழும்பும். சரிவு ஆரம்பிக்கிற இடத்தில் முட்டாது, உடையாது. வளைவுக்குக் கோடு போட நான் நூலும் பென்சிலுமாகப் போனேன். தடுத்துவிட்டான். நேர்ப் பாதையிலிருந்து திடீரென்று வட்டத்துக்குள் போனால் வண்டி உதறுமாம். கொஞ்சம் கொஞ்சமாக வளைய வேண்டும். தம்பி வெளியே போய் மூங்கில் தப்பை ஒன்றைச் சீவிக்கொண்டு வந்தார். ஒரு முனையை ஆணியில் கட்டி மறு முனையை வளைத்தால் மூங்கில் தானே அந்தக் கோட்டைப் போட்டுக் கொடுத்தது. நண்பன் அதைத் தடவிப் பார்த்தான். "ஆபீஸ்ல இதுக்கு ரெண்டு பக்கம் கணக்கு போடுவோம்டா."

மூன்றாம் நாள் விடியற்காலை. நல்ல குளிர், வெளியே பனி. நண்பன் எழுவதற்குள் பாதி வேலையை முடித்து அசத்தலாம் என்று எனக்கு ஒரு ஆசை. செருப்புத் தைக்கிற கடையில் வாங்கின சோல் ஷீட்டைத் தண்டவாளத்துக்கு அடியில் மெத்தையாக ஒட்டியாயிற்று. கடையில் விற்கிற கார்க் பட்டைக்குப் பதில் இது. சத்தத்தை வாங்கிக்கொள்ளும். தண்டவாளத் துண்டுகளை ஜாயினர் போட்டு ஒன்றோடு ஒன்று இடைவெளி தெரியாமல் நெருக்கி, குட்டி ஆணிகளை அடித்தேன். மூன்று கஜம். நூல் பிடித்த மாதிரி இருந்தது. காப்பி குடிக்க வந்தவன் பார்த்துவிட்டு, "ஜாயின்ட்ல கேப் விட்டியா?" என்றான்.

"விட்டேன் விட்டேன்."

பொய். கேப் விட்டால் அழகு போய்விடும் என்று நினைத்தேன்.

மத்தியானம் ஒரு மணிக்கு வெயில் ஏறி ஆஸ்பெஸ்டாஸ் கூரை தகித்தது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், காலையில் நூல் பிடித்த மாதிரி இருந்த தண்டவாளம் ஒரு இடத்தில் இடுப்பை ஒடித்துக்கொண்டு நின்றது! ஆணியையே பிடுங்கியிருந்தது.

நண்பன் நாற்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் மெதுவாக, "இதுக்குப் பேரு பக்ளிங். சித்திரை வெயில்ல மத்தியானம் ரெண்டு மணிக்கு லைன்ல இதுக்காகத்தான் நடப்போம். அங்கே இப்படி ஆனா நீ பாக்கிறது பொம்மை இல்லை" என்றான்.

காதுமடல் சுட்டது. மூன்று கஜத்தையும் பெயர்த்தேன். இந்த முறை ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் ஒரு விசிட்டிங் கார்டை நிறுத்தி, அந்தக் கனத்துக்கு இடம் விட்டு, பிறகு கார்டை உருவினேன். ஆணியையும் முழுக்க அடிக்கக்கூடாதாம். அமுக்கி அடித்தால் ஸ்லீப்பர் நடுவில் குழிந்து இரண்டு தண்டவாளமும் உள்ளே சாயும், கேஜ் குறையும். தலை பட்டும் படாமலும் நிற்க வேண்டும். ஆனால் வளைவில் வருகிற ஜாயின்ட்டுகளுக்கு இடைவெளி கிடையாது; வளைப்பதற்கு முன்பே ஈயம் வைத்து ஒட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் அங்கே மூக்கு மாதிரி முனை தள்ளும். ஒரு தொழிலில் எத்தனை விதிவிலக்கு பாருங்கள்.

மின்சார வேலை எனக்கு ஆகாது. ஆஸ்பத்திரி பக்கத்து ரிப்பேர் கடைப் பையன் வந்து, சிவப்பும் கறுப்புமாக ஒயரை இழுத்து, கஜத்துக்கு ஒரு இணைப்பு கொடுத்து, 12 வோல்ட் வருகிறதா என்று பார்த்துவிட்டுப் போனான்.

சாயங்காலம்தான் நான் இந்தக் கட்டுரையை எழுதக் காரணமான விஷயம் நடந்தது.

எஞ்சினை வைக்க விடவில்லை அவன். காலி வேகன் ஒன்றைத் தண்டவாளத்தில் வைத்து, "தள்ளு, மெதுவா" என்றான். விளக்கை அணைக்கச் சொன்னான். கண்ணை மூடிக்கொண்டான். நான் ஒரு விரலால் தள்ளிக்கொண்டு மேஜையைச் சுற்றினேன். டிக்... டிக்... டிக்... ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் மெல்லிய சத்தம். எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் கேட்டது.

"நில்லு. நாலாவது ஜாயின்ட். இடது ரயில் ஒசரம்."

டார்ச் அடித்து நகத்தால் தடவினேன். மயிரிழை உயரம் இருந்தது! ஜாயினருக்குள் சரியாக உட்காராமல் ஏறி உட்கார்ந்திருந்தது.

"தள்ளு... பாலத்துக்கு முன்னாடி ஒரு ஸ்லீப்பர் தொங்குது. அடியில காலி."

அதுவும் சரி. ஒரு காகிதத் துண்டை மடித்துச் செருகினேன். இப்படி ஏழு இடம். ஏழில் ஆறு அவன் சொன்ன இடத்திலேயே. ஏழாவதைப் பற்றி எங்களுக்குள் இன்னும் தகராறு இருக்கிறது. மேஜைக்கு மறுபக்கம் நாற்காலியில், இரண்டு கையும் முழங்கால் மேல் நடுங்கிக்கொண்டிருக்க, கண்ணை மூடி உட்கார்ந்திருந்த அந்த ஆளைப் பார்த்தபோது, ஆயிரக்கணக்கான பேரை ராத்திரியில் தூங்க வைத்து அனுப்பியவன் இவன்தான் என்று தோன்றியது. ரயிலில் நாம் பெர்த்தைப் பற்றிக் குறை சொல்வோம், டீயைப் பற்றிச் சொல்வோம். அடியில் ஒருவன் ஜாயின்ட் ஜாயின்ட்டாக நடந்ததை யோசித்திருப்போமா? நான் யோசித்ததில்லை.

அன்று ராத்திரி காவலூர் பக்கம் போய்விட்டு வந்தோம். வைணு பாப்பு வானாய்வு மையம் அங்கேதான். 1986-ல் திறந்த இரண்டேகால் மீட்டருக்கும் பெரிய தொலைநோக்கி. ஊர் வெளிச்சம் எட்டாத இருட்டுக்காகவே இந்த மலையைப் பிடித்தார்களாம். 2019 வரை வேலூர் மாவட்டம், இப்போது திருப்பத்தூர் மாவட்டம்; நட்சத்திரங்களுக்கு அந்த வித்தியாசம் தெரிந்ததாகத் தெரியவில்லை. அந்தப் பெரிய கும்மட்டம் சுற்றுமே, அதைத் தூரத்திலிருந்து காட்டி நண்பன், "இந்த மலையில நிஜத் தண்டவாளம்னா அது ஒண்ணுதான். வட்டமா போட்டிருப்பான். எந்த ஊருக்கும் போகாது" என்றான்.

நாலாம் நாள் ஜல்லி. நிஜ லைனில் ஐம்பது மில்லிமீட்டர் கருங்கல். எங்களுக்கு ஓடை மணல். டீ வடிகட்டியில் சலித்து, ஈரம் போக தோசைக்கல்லில் வறுத்தோம். தங்கச்சி அடுப்படியிலிருந்து, "அண்ணே, அது நாளைக்கு தோசை வார்க்கிற கல்லு!" என்று கத்தினார். வறுத்த மணலில் ஒரு காந்தத்தைப் போட்டுப் புரட்ட வேண்டும். இரும்புத் துகள் இருந்தால் எஞ்சின் மோட்டாருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். புரட்டினால் காந்தம் முழுக்கக் கறுப்பு மீசை! மூன்று தடவை புரட்டினோம். பிறகு மணலைத் தண்டவாளத்துக்கு நடுவில் தூவி, பிரஷ்ஷால் ஒதுக்கி, ஃபெவிகாலைத் தண்ணீரில் கரைத்து, அதில் பாத்திரம் தேய்க்கிற சோப்புத் திரவம் ஒரு சொட்டு விட்டு, இங்க் ஃபில்லரால் சொட்டு சொட்டாக விட வேண்டும். சோப்பு இல்லாவிட்டால் பசை மணலுக்கு மேலே முத்து மாதிரி உருண்டு நிற்கும், உள்ளே இறங்காது.

மலை, மரம் எல்லாம் இன்னும் செய்யவில்லை. பழைய செய்தித்தாளும் மைதாப் பசையும் இருக்கிறது, அது தங்கச்சியின் டிபார்ட்மென்ட். சாமை வயல் வைக்கப் போகிறாராம், சணலை வெட்டி. இந்த மலையில் குள்ளர் குகைகள் என்று கல் பலகைகளை நிறுத்தி மேலே ஒரு பலகை மூடிய பழங்காலச் சின்னங்கள் இருக்கின்றன. பெருங்கற்காலத்துக்காரர்கள் வைத்தவை என்பார்கள் படித்தவர்கள். குள்ள மனிதர்கள் வாழ்ந்த வீடு என்பார்கள் ஊர்க்காரர்கள். அதில் ஒன்று மேஜையின் மூலையில் இப்போதே வந்துவிட்டது. தம்பி நாலு ஓட்டுச் சில்லை நிறுத்தி வைத்துவிட்டு, "நம்ம ரயிலுக்கு ஏத்த ஆளுங்க சார்" என்றார்.

ஸ்டேஷன் போர்டு மட்டும் ரெடி. மஞ்சளில் கறுப்பு எழுத்து, மூன்று பாஷை. 'ஜமுனாமரத்தூர்'. கீழே கடல் மட்டத்திலிருந்து உயரம் என்று போட்டு, எண்ணுக்கு இடம் விட்டிருந்தான். "நிஜ ஸ்டேஷன் கட்டறப்போ சர்வே பண்ணி எழுதுவாங்கடா. இஷ்டத்துக்கு எழுதக்கூடாது."

சாயங்காலம் நாலு மணிக்கு ரயில். ஸ்கூல் விட்ட பிள்ளைகள் பதினைந்து பேர், தம்பி, ரிப்பேர் கடைப் பையன், தெருவில் போன இரண்டு பேர். அறையில் மூச்சு விட இடமில்லை. ஓட்டுகிற குமிழை நண்பன்தான் திருக வேண்டும் என்று எல்லோரும் சொன்னோம். திருகினான். கை நடுங்க, வண்டி குபுக் குபுக்கென்று எகிறி நின்றது. மறுபடி. மறுபடியும். பிள்ளைகள் சிரிக்கவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அவன் குமிழை என் பக்கம் நகர்த்தினான். "நீ டிரைவர்" என்றான். பிறகு அலமாரியைத் திறந்து எதையோ தேடினான். பச்சைக் கொடி. சர்வீஸில் இருந்த காலத்துக் கொடி. போளூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கையை நீட்டிக் கொடியைக் காட்டினான். கை ஆடியது. கொடி ஆடியது. கொடி ஆடத்தானே வேண்டும்! ஒரு பிள்ளை வாயாலேயே விசில் ஊதியது.

குமிழைத் திருகினேன். வண்டி போளூரை விட்டுக் கிளம்பி, மூங்கில் போட்டுக் கொடுத்த வளைவில் வழுக்கிக்கொண்டு போய், ஏற்றத்தில் கொஞ்சம் முனகி, பாலத்தில் ஏறி ஜமுனாமரத்தூரில் நின்றது. பிள்ளைகள் போட்ட சத்தத்தில் கூரை போகாதது ஆஸ்பெஸ்டாஸ் செய்த புண்ணியம். இரண்டாவது சுற்று. மூன்றாவது சுற்று. கடைசியில் ஒரு பெண் குழந்தை, "இதுல போனா சென்னைக்கு எத்தினி மணிக்குப் போவும்?" என்று கேட்டது. நண்பன் யோசித்து, காட்பாடியில் கனெக்ஷன் பார்த்து, நிஜமாகவே ஒரு நேரம் சொன்னான்.

எட்டாவது சுற்றில் கரன்ட் போய்விட்டது. எஞ்சின் ஏற்றத்தில், ஜமுனாமரத்தூர் போர்டுக்கு ஒரு பெட்டி தூரம் இருக்கும்போது அப்படியே நின்றது.

காப்பி டம்ளர்களோடு வந்த தங்கச்சி எட்டிப் பார்த்தார். "என்னங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்லை. சிக்னல் கிடைக்கலை. அவுட்டர்ல நிக்குது."

"முப்பது வருஷமா இதே பதில்தான்!" என்று சொல்லிவிட்டு, அவன் கை நடுங்கினாலும் சிந்தாத அளவுக்குப் பாதி டம்ளர் காப்பியை அவனிடம் நீட்டினார்.